கலிஃபோர்னியா நகரங்களில் வரிக்கு ஓட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கோடை நடுவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா நகரங்களின் கவுன்சில் கூட்டங்களில் ஒரே பேச்சுதான்: நவம்பர் தேர்தலில் மக்கள் முன்னால் எந்த வரியை வைப்பது? விற்பனை வரியா, ஓட்டல் அறை வரியா, கம்பெனிகளிடம் வாங்கலாமா, இல்லை இந்தத் தடவை சும்மா இருந்துவிடலாமா? மவுன்டன் வியூ, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடமிருந்து வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இது சட்ட ஆலோசனை அல்ல. கவுன்சில் நடவடிக்கைகளை விடாமல் பார்க்கிற ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி போடுவது கவுன்சிலின் வேலைதானே? எதற்காக நம்மிடம் வருகிறார்கள்?

ஊரில் அப்படித்தான். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியபோது யாரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. கலிஃபோர்னியாவில் கவுன்சிலின் கையை மூன்று வாக்கெடுப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. 1978 ஜூனில் வந்த ப்ரொபொசிஷன் 13 சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. நகரங்களின் முக்கிய வருமானம் அங்கேயே உறைந்துபோயிற்று. கவுன்சில்கள் மற்ற வரிகளின் பக்கம் திரும்பின. 1986-ல் ப்ரொபொசிஷன் 62, 1996-ல் ப்ரொபொசிஷன் 218 வந்து அந்தக் கதவுகளையும் சாத்தின. இதில் 218 மாநில அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது. புதிய உள்ளூர் வரியோ, இருக்கிற வரியின் உயர்வோ, நீட்டிப்போ, எதுவானாலும் வாக்காளர் சம்மதம் வேண்டும். கவுன்சிலுக்கு மிச்சமிருப்பது கேள்வியை எழுதும் உரிமை. அது லேசான அதிகாரம் இல்லை.

கவுன்சில் நினைத்த வரியை எல்லாம் வாக்குச்சீட்டில் வைக்க முடியுமா?

முடியாது. நகரம் வருமான வரி போட மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. சொத்து வரியின் அடிப்படை விகிதத்தையும் தொட முடியாது. மிஞ்சுவது விற்பனை வரி, ஓட்டல் அறை வரி, மின்சாரம் தொலைபேசி மீதான பயன்பாட்டு வரி, வணிக உரிம வரி, சொத்து கைமாறும்போது போடும் வரி, மனைக்கு இவ்வளவு என்று போடும் பார்சல் டாக்ஸ் ஆகியவைதான். கடன் பத்திரமும் உண்டு; அதைக் கட்டி முடிக்கும்வரை சொத்து வரி ரசீதில் ஒரு வரி கூடுதலாக நிற்கும்.

விற்பனை வரியில் இன்னொரு சிக்கல். மாநில அடிப்படை விகிதம் 7.25 சதவீதம். அதற்கு மேல் கவுன்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நகரமும் சேர்ந்து வைக்கக்கூடியதற்குப் பொதுவாக 2 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. சில இடங்களுக்கு மாநிலச் சட்டமன்றம் விலக்கு கொடுத்திருக்கிறது. கவுன்டி முந்திக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிட்டால் நகரத்துக்கு இடமில்லை. ‘இப்போதே வைக்காவிட்டால் கவுன்டிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்’ என்று கவுன்சிலில் யாராவது பேசினால், பின்னணி இதுதான்.

பொது வரி, சிறப்பு வரி என்று பிரிக்கிறார்களே, வாக்காளருக்கு அதனால் என்ன?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. பணம் நகரத்தின் பொதுக் கணக்குக்குப் போனால் அது பொது வரி. பாதிக்கு மேல் ஒரு ஓட்டு கிடைத்தால் ஜெயித்தது. ‘இந்தப் பணம் பூங்காவுக்கு மட்டும்’, ‘இது நூலகத்துக்கு மட்டும்’ என்று சட்டப்படி கட்டிவிட்டால் அது சிறப்பு வரி. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதற்குச் செலவழிப்போம் என்று உறுதி கொடுக்கும் கவுன்சிலுக்கு 66.67 சதவீதம் தேவை. எந்த உறுதியும் கொடுக்காத கவுன்சிலுக்கு 50-ஐத் தாண்டினால் போதும். வாக்கு கொடுத்தால் தண்டனை, கொடுக்காவிட்டால் சலுகை!

2014 நவம்பரில் இது வெளிச்சமாகத் தெரிந்தது. ஒரே தேர்தலில் பெர்க்லியும் சான் பிரான்சிஸ்கோவும் சோடா மீது வரி கேட்டன. பெர்க்லி ஒரு அவுன்ஸுக்கு 1 சென்ட் என்று பொது வரியாக வைத்தது. நான்கில் மூன்று பேர் சரி என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ அவுன்ஸுக்கு 2 சென்ட் கேட்டது, பணம் குழந்தைகளின் உடல்நலத் திட்டங்களுக்கே போகும் என்று கட்டி, சிறப்பு வரியாக. அங்கேயும் பெரும்பான்மை கிடைத்தது, சுமார் 55 சதவீதம். ஆனால் தோற்றது. 2016-ல் அதே நகரம் 1 சென்ட்டாகக் குறைத்து, பொது வரியாக மாற்றித் திரும்ப வந்தது. இம்முறை சுமார் 62 சதவீதம். அதுவும் மூன்றில் இரண்டைத் தொடவில்லைதான். ஆனால் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

இதனால்தான் பெரும்பாலான கவுன்சில்கள் பொது வரிப் பக்கமே சாய்கின்றன. பார்சல் டாக்ஸுக்கும் நகரக் கடன் பத்திரத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. கவுன்சில் வைத்தால் அவற்றுக்கு எப்போதும் மூன்றில் இரண்டுதான். பள்ளிக் கட்டடப் பத்திரத்துக்கு 2000-ல் ப்ரொபொசிஷன் 39 அந்த அளவை 55 சதவீதமாகக் குறைத்தது. வீட்டு வசதிக்கும் நகரக் கட்டமைப்புக்கும் அதே 55-ஐ கேட்ட ப்ரொபொசிஷன் 5-ஐ 2024-ல் மாநில மக்கள் நிராகரித்துவிட்டார்கள்.

பொது வரி என்றால் பணம் எங்கே போகும் என்று உத்தரவாதமே இல்லையா?

சட்ட உத்தரவாதம் இல்லை. அரசியல் உத்தரவாதம் உண்டு, அதன் பலம் ஊருக்கு ஊர் வேறு. இந்த விஷயத்தில் சான்டா கிளாரா கவுன்டியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1992-ல் போக்குவரத்துப் பணிகளுக்காக டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி வாக்கெடுப்புக்கு வந்தது. 54 சதவீதம் ஆதரவு. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல் கார்டினோ வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், இதற்கு மூன்றில் இரண்டு தேவை என்று சொல்லி வரியை ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள். மெஷர் ஏ: சாலை, ரயில் பணிகளின் ஒரு பட்டியல், புதிய வரி எதுவும் வந்தால் இதற்குச் செலவழிக்கலாமா என்ற வெறும் ஆலோசனைக் கேள்வி, யாரையும் கட்டுப்படுத்தாது. மெஷர் பி: அரை சென்ட் விற்பனை வரி, செலவு பற்றி மூச்சே இல்லை, பொது வரி. பட்டியலுக்கு அமோக ஆதரவு. வரி பாதியைக் கொஞ்சம் தாண்டி ஜெயித்தது. இதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நெடுஞ்சாலை விரிவாக்கமும் லைட் ரயில் நீட்டிப்பும் அந்தப் பணத்தில் நடந்தன. சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே சொன்னதைச் செய்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரட்டைக் கேள்வி ஜெயித்த அதே நாளில், 1996 நவம்பர் 5 அன்றுதான், மாநிலம் முழுக்க ப்ரொபொசிஷன் 218-உம் ஜெயித்தது. ஒரே நாளில் பூட்டும் சாவியும் தயார்.

இன்றும் சில நகரங்கள் இதே வழியில் ஆலோசனைக் கேள்வியைச் சேர்க்கின்றன. வேறு சில, குடிமக்கள் மேற்பார்வைக் குழு என்று ஒன்றை அமைக்கின்றன. அந்தக் குழு கணக்குப் பார்க்கலாம், அறிக்கை கொடுக்கலாம்; செலவை நிறுத்த அதற்கு அதிகாரம் இல்லை. ‘மேற்பார்வைக் குழு உண்டு’ என்ற வாசகத்துக்கு நான் பெரிய மதிப்பெண் கொடுப்பதில்லை. முந்தைய வரிப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று நகர பட்ஜெட்டில் தேடிப் பார்ப்பதே மேல்.

கவுன்சிலில் எத்தனை பேர் சம்மதித்தால் வரிக் கேள்வி வாக்குச்சீட்டுக்கு வரும்?

பொது வரி என்றால் பொதுவாக மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அன்றைக்கு வந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். ஐந்து பேர் கொண்ட கூப்பர்டினோவில் 4 பேர், ஏழு பேர் கொண்ட மவுன்டன் வியூவில் 5 பேர். சொந்த சாசனம் உள்ள நகரங்களுக்குச் சில வரிகளில் விதி தளர்வு. விற்பனை வரிக்கு அந்தத் தளர்வு கிடையாது. ஐந்து பேர் கவுன்சிலில் ஒருவர் எதிர்ப்பு, இன்னொருவர் ஊரில் இல்லை என்றால் கதை முடிந்தது.

தேர்தலையும் இஷ்டப்படி தேர்ந்தெடுக்க முடியாது. பொது வரி, கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான தேர்தலோடுதான் வர வேண்டும். கூட்டம் குறைவான தேர்தலாகப் பார்த்து நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக 218 வைத்த விதி. நிதி அவசரநிலை என்று கவுன்சில் ஒருமனதாக அறிவித்தால் விலக்கு உண்டு. ஒருமனதாக, ஒருவர்கூட மறுக்காமல்.

பல யோசனைகளில் ஒன்றை எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள்?

மேலே இருந்து பார்த்தால் ‘நகரத்துக்கு எது தேவை’ என்ற விவாதம். உட்கார்ந்து கேட்டால் ‘எது ஜெயிக்கும்’ என்ற கணக்கு.

வசந்த காலத்திலேயே நகரம் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தை அமர்த்தும். அவர்கள் சில நூறு வாக்காளர்களிடம் ஒரே வரியை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக் கேட்பார்கள்: கால் சென்ட் என்றால் சரியா, அரை சென்ட் என்றால் சரியா, பத்து ஆண்டு என்று முடிவுத் தேதி இருந்தால் மனம் மாறுமா, எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்ட பிறகு என்ன சொல்வீர்கள்? கவுன்சில் கூட்டத்தில் வரும் வண்ணப் பட்டை வரைபடங்களில் நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசிக் கேள்வியின் விடைதான். முதலில் 60 சதவீதமாக இருந்த ஆதரவு எதிர்வாதம் கேட்டதும் 51-க்கு இறங்கினால், ஊழியர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், கவுன்சிலும் பின்வாங்கும். பொது வரிக்குப் பாதிக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதாதா என்றால், தேர்தல் வரைக்கும் ஆதரவு குறையுமே தவிர கூடுவது அபூர்வம்.

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். அதே வாக்குச்சீட்டில் பள்ளி மாவட்டம் பத்திரம் கேட்கிறதா, கவுன்டி ஏதாவது வைக்கிறதா? மூன்று வரியை ஒரே தாளில் பார்க்கும் வாக்காளருக்கு மூன்றாவதை நிராகரிக்கத் தோன்றும்.

எதிர்க்க யாரிடம் பணம் இருக்கிறது என்பதுதான் மிகவும் ருசியான பகுதி. 2018-ல் இரண்டு பக்கத்து ஊர்கள் எடுத்த முடிவைப் பாருங்கள். மவுன்டன் வியூ, கூப்பர்டினோ இரண்டுமே ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கம்பெனிகளுக்கு வரி போடலாமா என்று யோசித்தன. முன்னதில் சுமை முக்கியமாகக் கூகுள் மீது, பின்னதில் ஆப்பிள் மீது. அந்த ஆண்டு மே மாதம் சியாட்டில் கவுன்சில் இதே போன்ற வரியைப் போட்டு, அமேசானும் மற்ற கம்பெனிகளும் கொதித்ததும் ஒரு மாதத்துக்குள் தானே ரத்து செய்திருந்தது. எல்லோர் மனதிலும் அதுதான். மவுன்டன் வியூ கவுன்சில் வைத்தது. நவம்பரில் மெஷர் பி (ஆங்கில P) சுலபமாக ஜெயித்தது. கூப்பர்டினோ கவுன்சில் ஜூலை இறுதியில் 2020-க்குத் தள்ளிவைத்தது. இரண்டு ஊரிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி மக்கள், ஒரே மாதிரி நெரிசல். வேறுபட்டது கவுன்சில் மேடையில் இருந்தவர்களின் தைரியம் என்பது என் கருத்து. ‘அவசரப்படாத விவேகம்’ என்று சொல்லும் கூப்பர்டினோ நண்பர்களும் எனக்கு உண்டு.

2022-ல் பாலோ ஆல்டோ மூன்றாவது வழியைக் காட்டியது. வணிக இடத்தின் பரப்பளவை வைத்து வரி என்பது திட்டம். பெரிய வணிகர்கள் எதிர்ப் பிரச்சாரத்துக்குத் தயாரானார்கள். கவுன்சில் அவர்களோடு பேசி விகிதத்தை இறக்கியது, சதுர அடிக்கு மாதம் 7.5 சென்ட், முதல் 10,000 சதுர அடிக்கு வரி இல்லை. எதிர்ப் பிரச்சாரம் அடங்கியது. மெஷர் கே ஜெயித்தது. வாக்குச்சீட்டுக்குப் போகும் முன்பே வரியின் அளவு ஒரு அறைக்குள் தீர்மானமாகிவிட்டதே என்று கேட்டால், ஆமாம், பல சமயம் அப்படித்தான்.

கடைசித் தேதி எது?

தேர்தலுக்கு 88 நாள் முன்பு. 2024 நவம்பர் 5 தேர்தலுக்கு அது ஆகஸ்ட் 9. ஜூலையில் பல கவுன்சில்கள் விடுமுறை எடுப்பதால் உண்மையான கெடு ஜூன் கடைசிக் கூட்டம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்த கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள 83-ஆவது நாள் வரை நேரம் உண்டு. மெஷருக்கு எந்த எழுத்து என்பதைக் கவுன்டி தேர்தல் அலுவலகம் கொடுக்கும். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

வாக்குச்சீட்டில் இருக்கும் வாசகத்தை எப்படிப் படிப்பது?

கேள்விக்கு 75 வார்த்தைதான் அனுமதி. எவ்வளவு விகிதம், எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு வசூல் என்ற மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும் என்பது 2017-ல் வந்த சட்டம். மிச்ச வார்த்தைகளை நகரம் அலங்காரத்துக்குப் பயன்படுத்தும். வழக்கமான கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘911 அவசர உதவி தாமதமின்றி வரவும், சாலைக் குழிகளை அடைக்கவும், பூங்காக்களைச் சுத்தமாக வைக்கவும், மற்றும் இதர பொதுச் சேவைகளுக்காகவும், வாக்காளர்கள் முடிவுக்குக் கொண்டுவரும்வரை கால் சென்ட் விற்பனை வரி விதித்து, ஆண்டுக்குச் சுமார் இத்தனை டாலர் திரட்ட, தணிக்கையுடன், எல்லாப் பணமும் உள்ளூரிலேயே இருக்கும்படி, ஒப்புதல் தரலாமா?’

911, குழி, பூங்கா எல்லாம் கருத்துக்கணிப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய விஷயங்கள். சட்டப்படி பிடிப்புள்ளது ‘இதர பொதுச் சேவைகள்’ மட்டுமே. ஊழியர் ஓய்வூதியமும் அதற்குள் அடக்கம். ‘வாக்காளர்கள் முடிவுக்குக் கொண்டுவரும்வரை’ என்றால் முடிவுத் தேதி இல்லை என்று அர்த்தம். வாக்காளர் கையேட்டில் நகர வழக்கறிஞரின் நடுநிலை விளக்கம் 500 வார்த்தைக்குள் இருக்கும். நேரமில்லாதவர்கள் அதை மட்டும் படித்தாலும் போதும். அதன் பின்னால் ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் 300 வார்த்தை வீதம். எதிர்ப்புப் பக்கம் காலியாக இருந்தால், எதிர்ப்பவர் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கெடுவுக்குள் எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.

நகரம் வீட்டுக்கு அனுப்பும் பளபளப்பான அட்டை பிரச்சாரம் இல்லையா?

‘ஆதரியுங்கள்’ என்று சொல்ல நகரத்தின் பணத்தைச் செலவிடக் கூடாது. 1976-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் கொடுக்கலாம். கவுன்சிலர் தன் சொந்த நேரத்தில் வாசல் வாசலாகப் போய் ஆதரவு கேட்கலாம். அட்டை அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வரும்.

கவுன்சில் மறுத்துவிட்டால் மக்களே வரி கொண்டுவர முடியுமா?

முடியும். பதிவான வாக்காளர்களில் பொதுவாக 10 சதவீதம் பேரின் கையெழுத்து சேர்த்தால் கவுன்சில் தட்டிக்கழிக்க முடியாது. 2017-ல் அப்லாண்ட் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், மக்கள் முன்முயற்சிக்கு 218-இன் சில கட்டுப்பாடுகள் பொருந்தாது என்றது. அதைத் தொடர்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், மக்கள் கையெழுத்தில் வந்த சிறப்பு வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தீர்ப்பளித்தன. வீடற்றோருக்காக சான் பிரான்சிஸ்கோவில் 2018-ல் வந்த ப்ரொபொசிஷன் சி சுமார் 61 சதவீதத்தோடு செல்லுபடியானது இப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் 2022-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துகளுக்கு 4 சதவீதமும், 1 கோடியைத் தொட்டால் 5.5 சதவீதமும் போட்ட மெஷர் யூஎல்ஏயும் அதே வழி.

கவுன்சில் கேட்டால் மூன்றில் இரண்டு, அதையே கையெழுத்து வாங்கிக் கேட்டால் பாதி. வரி எதிர்ப்பாளர்களுக்கு இது பெரிய மனக்குறை. இதைத் தடுக்க நினைத்த ஒரு மாநில முன்முயற்சியை 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கிவிட்டது.

தண்ணீர்க் கட்டணம் ஏறும்போது ஏன் ஓட்டு வைப்பதில்லை?

அது கட்டணம், வரி அல்ல. 45 நாள் முன்னதாகத் தபாலில் அறிவிப்பு வரும். பாதிக்கு மேற்பட்ட சொத்துக்காரர்கள் எழுத்து மூலம் ஆட்சேபித்தால் உயர்வு நிற்கும். அந்தத் தபாலை விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடுவதால் பெரும்பாலும் நிற்பதில்லை.

எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறேன். எனக்கு இதில் என்ன இடம்?

இந்த வரிகளுக்கு ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். ஆனால் வரி எல்லோரிடமும்தான் வாங்குவார்கள், ஆகவே பேசும் உரிமையை விட்டுவிடாதீர்கள். திறந்த கூட்டச் சட்டமான பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரம் முன்பே வெளிவர வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம், பெயரையோ முகவரியையோ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. என்னைக் கேட்டால், நவம்பரில் போடும் ஓட்டைவிட ஜூனில் பேசும் இரண்டு நிமிடம் கனமானது. லட்சம் ஓட்டில் ஒன்று என்பது வேறு, காலி நாற்காலிகளுக்கு நடுவில் எழுந்து நிற்கும் பத்துப் பேரில் ஒருவர் என்பது வேறு. விகிதம், ஆண்டுக் கணக்கு, விலக்கு எல்லாம் அங்கேதான் மாறும்.

வாடகை வீட்டில் இருப்பவர் பார்சல் டாக்ஸுக்கு ஓட்டுப் போடலாமா?

அந்த ஊரில் பதிவான வாக்காளர் என்றால் தாராளமாக. சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை.

விற்பனை வரி ஜெயித்தால் எப்போது, எவ்வளவு கூடும்?

கால் சென்ட் என்றால் 1,000 டாலர் மடிக்கணினிக்கு இரண்டரை டாலர், 40,000 டாலர் காருக்கு 100 டாலர். காரைப் பக்கத்து ஊரில் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வண்டி எந்த முகவரியில் பதிவாகிறதோ அந்த ஊர் விகிதம்தான். மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்கும் துவரம் பருப்புக்கும் விற்பனை வரி இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் மசால் தோசைக்கு உண்டு. நவம்பரில் ஜெயித்த விற்பனை வரி மறுநாளே வந்துவிடாது. சட்டப்படி 110 நாளுக்கு மேல் கடந்து வரும் காலாண்டின் முதல் நாளில்தான் தொடங்கும். அதனால் பெரும்பாலும் ஏப்ரல் 1. பெரிதாக ஏதாவது வாங்குவதாக இருந்தால் மார்ச்சிலேயே வாங்கிவிடுங்கள்.